ஆக்ஸிலேட்டர் கேபிள்: கடை வண்டியின் கண்ணுக்குத் தெரியாத அச்சாணி



நாம் நம் கடையின் மின்னணுத் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை போட்டு வாங்குகிறோம். எலி புகுந்த மூட்டையைத் தனியே எடுத்து வைக்கிறோம். பழைய பில்லைக்கூடக் கம்பியில் குத்தி வைத்துக் கணக்கு முடிந்த பிறகுதான் எடுக்கிறோம். ஆனால் அந்தச் சரக்கை வாடிக்கையாளர் வீட்டு வாசலுக்குக் கொண்டு போகும் மொபெட்டை மட்டும், அது நின்று போகும் வரை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்பது பழமொழி. நம் கடை வண்டிக்கு அப்படிப்பட்ட அச்சாணிகளில் ஒன்று ஆக்ஸிலேட்டர் கேபிள். இதன் விலை இரண்டு கிலோ துவரம்பருப்பு விலைக்குள் அடங்கிவிடும். இதை அலட்சியம் செய்தால் வரும் விலை வேறு. அதை அனுபவத்தில் கண்ட பிறகே இதை எழுதுகிறோம்.

நம் கடையில் நடந்தது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது அன்பர்களுக்கு நினைவிருக்கும். கோவிலம்பாக்கத்தில் நம் கிடங்கின் ஓரத்தில் நிறுத்தியிருந்த டெலிவரி மொபெட்டும் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு பிளக்கைத் துடைத்து, இன்ஜின் ஆயில் மாற்றி ஓட்டத் தொடங்கிவிட்டோம். ஜனவரியில் பொங்கல் வியாபாரம் சூடு பிடித்த நேரம், வண்டி ஓட்டும் தம்பி வந்து, "அண்ணாச்சி, ஆக்ஸிலேட்டர் இறுக்கமா இருக்கு. கையை விட்டா உடனே திரும்ப மாட்டேங்குது" என்றான். "பொங்கல் முடியட்டும் தம்பி, பார்த்துக்கலாம்" என்றோம். அதோடு மறந்தும் போனோம்.

மூன்றாம் நாள், இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பமும் பதினைந்து கிலோ எண்ணெய் டின்னும் ஏற்றிக்கொண்டு மேடவாக்கம் பக்கம் போனவன், வெள்ளக்கல் அருகே வண்டியை மெதுவாக்கக் கையை விட்டிருக்கிறான். இன்ஜின் வேகம் குறையவில்லை. பிரேக்கை அழுத்தியும் சுமையோடு வண்டி இழுத்துக்கொண்டு போய், மெட்ரோ ரயில் பணிக்காக வைத்திருந்த தடுப்பில் உரசி விழுந்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட வேண்டியதாயிற்று. பின்னால் பெரிய வண்டி எதுவும் வராதது இறைவன் அருள். எண்ணெய் சாலையில் ஓடியதை நாம் நட்டமாகக் கணக்கில் எழுதவில்லை. "பார்த்துக்கலாம்" என்று சொன்னதைத்தான் இன்றும் மனத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

கேபிள் அறுந்து போனால் வண்டி நிற்கும், தள்ளிக்கொண்டு வரலாம். கேபிள் சிக்கிக் கொண்டால் வண்டி நிற்காது. ஆகவே அறுவதைவிட ஆபத்தானது சிக்குவது. இந்தக் கட்டுரையில் அன்பர்கள் வேறு எதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது.

கேபிள் எப்படி வேலை செய்கிறது?

கைப்பிடியை முறுக்கினால் எங்கோ இருக்கும் இன்ஜின் எப்படி வேகமெடுக்கிறது? உள்ளே மெல்லிய இரும்பு இழைகளை முறுக்கிச் செய்த கம்பி. வெளியே அதை மூடிய உறை. உறை வெறும் பிளாஸ்டிக் குழாய் அன்று. நெருக்கமாகச் சுருட்டிய எஃகுக் கம்பியின் மேல் பிளாஸ்டிக் போர்த்தியது. உறையின் இரண்டு முனைகளும் அசையாமல் உட்கார்ந்திருக்க, உள்கம்பி மட்டும் அதற்குள் நகர்கிறது. அதனால்தான் கேபிள் வளைந்து நெளிந்து போனாலும் இழுப்பு சிதறாமல் மறு முனைக்குப் போய்ச் சேர்கிறது. அயர்லாந்தில் பிறந்த எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் 1896-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சைக்கிள் பிரேக்கில் தொடங்கி மோட்டார் சைக்கிள், ஆட்டோ எனப் பல வண்டிகளுக்கும் இது பரவிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கம்பிக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. கிணற்றுக் கயிறு வாளியை மேலே இழுக்கும். வாளி இறங்குவது கயிறு தள்ளியதால் அல்ல, தன் கனத்தால். அதுபோலக் கேபிள் கார்புரேட்டரில் உள்ள ஸ்லைடு எனும் சிறு உருளையை மேலே இழுக்கிறது. கையை விட்டதும் அதைக் கீழே இறக்குவது அதன் தலைமேல் உள்ள ஸ்பிரிங். உறைக்குள் துருவும் மண்ணும் சேர்ந்துவிட்டால், கையின் பலம் எப்படியோ இழுத்துவிடும். சின்ன ஸ்பிரிங்கின் பலம் திருப்பி இழுக்கப் போதாது. நம் வண்டியில் நடந்தது இதுதான்.

சைக்கிள் கேரியரிலும் மீன்பாடி வண்டியிலும் சரக்கு அனுப்பிய நமக்கு, 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட் பெரிய துணையாயிற்று. பிறகு எக்ஸ்.எல். வரிசையும், 2015-இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100-உம் வந்தன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி நடைமுறைக்கு வந்தபின் கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்தது. அவற்றிலும் கைப்பிடியிலிருந்து கேபிள் போகிறது; ஆனால் ஸ்லைடுக்குப் பதில் காற்று வரும் வழியில் உள்ள சிறு கதவைச் சுழற்றுகிறது. மின்சார வண்டிகளில் மட்டும் கேபிளுக்கு வேலை இல்லை. வெறும் மின் வயர்தான்.

நம் தொழிலில் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

அலுவலகம் போய் வருபவர் வண்டியில் பல காலம் உழைக்கும் கேபிள், மளிகைக் கடை வண்டியில் முன்னதாகவே போய்விடுகிறது. காரணங்கள் நம்மிடமே உள்ளன.

முதலாவது, மூட்டை. மொபெட்டின் முன்தளத்தில் சிப்பத்தை நிமிர்த்தி வைக்கிறோம். அது ஹேண்டிலின் கழுத்துப் பக்கம் சாய்ந்து, அங்கே போகும் கேபிளை நசுக்குகிறது. ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் உறை மடிகிறது.

இரண்டாவது, பை. ஹேண்டிலில் இருபுறமும் பைகளை மாட்டுகிறோம். பையின் காது கேபிளின் மேலேயே தொங்குகிறது. கயிறு கட்டும்போதும் கேபிளையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள்.

மூன்றாவது, எலி. கிடங்கில் நிறுத்தும் வண்டியின் கேபிள் உறையை எலி கடித்து வைக்கும். கண்ணுக்குச் சிறு கீறல்தான். அதன் வழியே நீர் இறங்கும்.

நான்காவது, தண்ணீரும் தூசியும். மழைக்காலத்தில் நம் பகுதிச் சாலைகளைச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் காலத்தில் அதே சேறு புழுதியாகப் பறக்கிறது. கைப்பிடி முனையிலும் கார்புரேட்டர் மூடியிலும் உள்ள ரப்பர் தொப்பி கிழிந்திருந்தால் இரண்டும் நேராக உள்ளே போகும்.

ஐந்தாவது, நம் கடை எண்ணெய்! இறுகிப் போன கேபிளுக்குத் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ விடும் பழக்கம் பலரிடம் உண்டு. அன்றைக்கு வழுக்கும். சில வாரங்களில் பிசினாகிப் புழுதியையும் பிடித்துக்கொள்ளும். திறந்து வைத்த எண்ணெய் டின்னின் விளிம்பில் என்ன ஒட்டுகிறது என்று நமக்குத் தெரியாதா? அதுவே உறைக்குள்ளும் நடக்கிறது. மண்ணெண்ணெய் விட்டாலோ, இருக்கிற மசகையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

வாரம் ஒருமுறை, கடை திறக்குமுன் ஐந்து நிமிடம் போதும்.

1. இன்ஜின் ஓடாத நிலையில் கைப்பிடியை முழுதும் முறுக்கிச் சட்டென்று விடுங்கள். 'டக்' என்ற ஒலியோடு தானாகத் திரும்ப வேண்டும். ஹேண்டிலை நேராக, முழு இடம், முழு வலம் என மூன்று நிலையிலும் வைத்துப் பாருங்கள். எந்த நிலையிலாவது சோம்பினால் அந்த வண்டியை அன்று வெளியே அனுப்பக் கூடாது.

2. கைப்பிடியை மெல்லத் திருப்பினால், இழுப்பு தொடங்குமுன் சிறிது தளர்வு இருக்க வேண்டும். பொதுவாக இரண்டு மூன்று மில்லிமீட்டர். வண்டியோடு தந்த கையேட்டில் உள்ள அளவே இறுதி. தளர்வே இல்லாவிட்டால் இன்ஜின் இறங்கி ஓடாது. அதிகம் இருந்தால் முறுக்கினாலும் வண்டி தாமதமாகத்தான் கிளம்பும்.

3. வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு இன்ஜினை ஓட விடுங்கள். பின்சக்கரம் தரையைத் தொடக் கூடாது. கைப்பிடியைத் தொடாமல் ஹேண்டிலை மட்டும் இருபுறமும் திருப்புங்கள். சத்தம் மாறக் கூடாது. திருப்பும்போது இன்ஜின் உறுமினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அல்லது தவறான வழியில் போகிறது. தெரு முனையில் திரும்பும்போது வண்டி தானாக வேகமெடுக்கும்.

4. இரு முனைகளிலும் உள்கம்பியை உற்றுப் பாருங்கள். ஓர் இழை அறுந்து முள்போல நின்றாலும் கேபிளை மாற்ற வேண்டும். மற்ற இழைகளும் அதே வழியில் போகும்.

5. உறையில் வெடிப்பு, எலிக் கடி, மடிப்பு, துருக்கறை உண்டா என்று கையால் தடவிப் பாருங்கள்.

எண்ணெய் விடும் முறை

இப்போது வரும் பல கேபிள்களின் உறைக்குள் வழுவழுப்பான நைலான் போன்ற உட்குழாய் இருக்கிறது. அவற்றுக்கு எண்ணெய் வேண்டியதில்லை. கிரீஸ் கூடவே கூடாது. கிரீஸ் புழுதியைச் சேர்த்து வைக்கும். உட்குழாய் இல்லாத பழைய வகைக்கு மட்டும் மெல்லிய மெஷின் ஆயில் விடலாம்.

அதற்கு நம் கடை வித்தையே உதவும். கைப்பிடிப் பக்க முனையைக் கழற்றி, கேபிள் மேலிருந்து கீழாகத் தொங்கும்படி நிறுத்துங்கள். பொட்டலம் மடிக்கும் கூம்பைப்போல ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி உறையின் வாயைச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, உள்கம்பியை மேலும் கீழும் ஆட்டுங்கள். கீழ் முனை கார்புரேட்டரை விட்டுக் கழற்றியிருக்க வேண்டும். அங்கே ஒரு துணியைக் கட்டுங்கள். இரவெல்லாம் விட்டுவைத்தால் காலையில் கீழே எண்ணெய் கசியும். கறுப்பாகவோ துருச் சிவப்பாகவோ வந்தால் அந்தக் கேபிளுக்கு எண்ணெய் வீண், புதியதே வழி. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கும் இதே விதி.

புதிய கேபிள் மாட்டும் முறை

மெக்கானிக்கிடம் கொடுப்பதே பலருக்குச் சௌகரியம். ஆனாலும் வேலையின் வரிசை தெரிந்தால், செய்தது சரியா என்று பார்த்து வாங்கலாம்.

முதலில் கேபிள் வாங்குவது. ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் எல்லா விலையிலும் கிடைக்கும். வண்டியின் மாடலும் ஆண்டும் சொல்லி வாங்குங்கள். உறையின் நீளமும், உள்கம்பி வெளியே நீட்டியிருக்கும் அளவும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் அதிகபட்ச விலையும் இல்லாத சரக்கை நம் கடையிலேயே நாம் வாங்கி விற்பதில்லை. இதில் மட்டும் ஏன் வாங்க வேண்டும்?

இன்ஜின் ஆறிய பிறகு பெட்ரோல் குழாயை மூடுங்கள். அருகில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது. பழைய கேபிள் எந்த வழியில் போகிறது, எந்தக் கொக்கிக்குள் நுழைகிறது என்று பார்த்து வையுங்கள். இரு முனைகளையும் கழற்றியபின் அப்படியே உருவிவிடாதீர்கள். சாக்கு தைக்கும் சணலை அதன் ஒரு முனையில் கட்டி, மறு முனையிலிருந்து இழுங்கள். கேபிள் வெளியே வரும்போது சணல் அதே வழியில் உள்ளே நிற்கும். புதிய கேபிளைச் சணலில் கட்டித் திரும்ப இழுத்தால் வழி தவறாது.

கைப்பிடிப் பக்கம், கம்பி முனையில் உள்ள குண்டை அதன் குழியில் உட்கார வையுங்கள். குண்டுக்கு மட்டும் துளி கிரீஸ் தடவலாம். அது குழிக்குள் சுழல வேண்டும், இல்லாவிட்டால் கம்பி அந்த இடத்திலேயே மடிந்து அறும். கார்புரேட்டர் பக்கம், மூடி, ஸ்பிரிங், ஸ்லைடு என்ற வரிசையில் கம்பியைக் கோத்து, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக் குண்டை மாட்ட வேண்டும். ஸ்லைடின் பக்கத்தில் ஒரு காடி இருக்கும். அது உள்ளே இருக்கும் முளையோடு பொருந்தினால்தான் இறங்கும். அடியில் உள்ள வெட்டு ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். ஸ்லைடு தானாக இறங்கி உட்கார வேண்டும். தட்டி இறக்கினால் தவறாக மாட்டியிருக்கிறோம் என்று பொருள். மூடியைக் கையாலேயே மரை பிசகாமல் திருகுங்கள். ரப்பர் தொப்பியை மறவாதீர்கள்.

கடைசியில் அட்ஜஸ்டரைத் திருகித் தளர்வை அளவுக்குக் கொண்டுவந்து, பூட்டு நட்டை இறுக்குங்கள். பிறகு மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமைச் சோதனை முழுவதையும் செய்து பார்த்த பின்பே வண்டியைச் சாலையில் விடலாம். பி.எஸ். 6 வண்டிகளில் தளர்வைச் சரி செய்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காற்றுக் கதவின் திருகுகளைத் தொடக் கூடாது.

லோடு ஆட்டோ வைத்திருப்போருக்கு

ஹேண்டில் முன்னால், இன்ஜின் பின்னால் என்பதால் ஆட்டோவின் கேபிள் நீளமானது. தளத்தின் அடியில் சேறு படும் வழியில் போகிறது. நீளமும் வளைவும் கூடக்கூட உரசலும் கூடும். அயல்நாடுகளில் மணல் மேட்டிலும் காட்டுப் பாதையிலும் ஓட்டும் 'பக்கி' என்ற திறந்த வண்டிகளிலும் பல, பின்னால் இன்ஜின் வைத்தவையே. அவற்றைப் பராமரிப்பவர்கள் மூன்றைக் கவனிக்கிறார்கள்: கேபிளில் கூர்மையான வளைவு கூடாது, சூடான சைலன்சரைத் தொடக் கூடாது, ஆக்ஸிலேட்டர் மிதியை ஒரு தடுப்புக் கட்டை நிறுத்த வேண்டும், காலின் முழு அழுத்தமும் கம்பியில் விழக் கூடாது. நம் ஆட்டோவுக்கும் முதல் இரண்டு விதிகள் பொருந்தும். கால் மிதி உள்ள பழைய மினி லாரிக்கு மூன்றும் பொருந்தும். மினி லாரியில் மிதியருகே கோணியை விரித்துப் போடும் பழக்கத்தை விடுங்கள். அது மிதியின்மேல் ஏறிச் சிக்கினாலும் இதே விபத்துதான்.

ஓடும்போது சிக்கினால்

ஓட்டும் தம்பிக்கு இதை இன்றே சொல்லிக் கொடுங்கள். பதறக் கூடாது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் இருந்தால் அதை, இல்லாவிட்டால் சாவியை அணைக்க வேண்டும். சாவியை ஹேண்டில் பூட்டும் நிலை வரை திருப்பிவிடக் கூடாது. மொபெட்டில் கிளட்ச் பிடி இல்லை. அதனால் இன்ஜினை அணைப்பதே வழி. பைக்கிலும் ஆட்டோவிலும் கிளட்சைப் பிடித்துக்கொண்டு அணைக்கலாம். பிறகு ஓரமாகத் தள்ளி நிறுத்த வேண்டும். கைப்பிடியை நாலு முறை முறுக்கிச் சரியானதுபோல் தோன்றினாலும் அந்த வண்டியை ஓட்டி வரக் கூடாது. அறுந்த கம்பியில் சாலையோரம் திருகுக் குண்டு போட்டுத் தருவதும் வீடு வந்து சேர மட்டும்தான்.

முடிவாக

வேலையின்போது ஆளுக்கு அடிபட்டால் முதலாளி ஈடு கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டில் 1923 முதலே சட்டம். ஆனால் இது சட்டத்தோடு முடிகிற விஷயம் அன்று. நம்மை நம்பி ஒரு தாய் தன் பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறாள். அவன் வந்து வண்டியில் ஒரு குறை என்று சொன்னால், அது அவன் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்களும் நம்மில் உண்டு. வாடிக்கையாளர் அரிசியில் கல் என்றால் உடனே மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறோம் அல்லவா? அதே மரியாதையை அவன் சொல்லுக்கும் கொடுப்போம்.

இன்று நம் கடையில் ஞாயிறு காலை ஐந்து நிமிடம் வண்டிக்கு. சோதனையைச் செய்வது அந்தத் தம்பியேதான். குறை என்று அவன் சொன்னால் அன்று வண்டி போகாது. அவசரச் சரக்கு என்றால் ஆட்டோ பிடித்து அனுப்புகிறோம். பொங்கலானாலும் தீபாவளியானாலும் இதில் மாற்றமில்லை. உறுப்பினர்கள் அனைவரும் இதைத் தம் கடையிலும் நடைமுறைப்படுத்த வேண்டுகிறோம்.

வாழ்க வணிகம்!